கொசுவின் சினைப்பையிலிருந்து டெங்கு வார்டு வரை

ஜாவா தீவின் நடுவே யோக்யகர்த்தா என்றொரு பழைய நகரம். சுல்தானின் அரண்மனையும் பல்கலைக்கழகங்களும் உள்ள ஊர். ஆண்டுதோறும் டெங்கு தலைகாட்டும் ஊரும் அதுதான். தண்ணீர்த் தொட்டியை மூடி வையுங்கள், பழைய டயரை அப்புறப்படுத்துங்கள், பூந்தொட்டித் தட்டில் நீர் தேங்க விடாதீர்கள் என்று அங்குள்ளவர்களும் நம்மைப் போலவே கேட்டுக் கேட்டுப் பழகியிருந்தார்கள். 2017 மார்ச்சில் கஜா மடா பல்கலைக்கழகத்தின் ஊழியர்கள் அந்த வீடுகளுக்கு மூடி போட்ட சிறு வாளிகளை எடுத்துவந்தார்கள். வாளிக்குள் தண்ணீர், கொஞ்சம் மீன் தீவனம், கொசு முட்டைகள் ஒட்டிய ஒரு துண்டு. பறந்து வெளியேறப் பக்கவாட்டில் துளைகள். இதை நிழலில் வையுங்கள், இரண்டு வாரம் கழித்து வந்து மாற்றித் தருகிறோம் என்று கேட்டுக்கொண்டு, சம்மதமும் வாங்கிக்கொண்டு போனார்கள்.

அந்த முட்டைகளிலிருந்து வந்தது டெங்குவைப் பரப்பும் அதே ஏடிஸ் எஜிப்தி கொசுதான். மரபணுவில் யாரும் கை வைக்கவில்லை. ஆனால் அதன் செல்களுக்குள் வோல்பாக்கியா என்ற பாக்டீரியா இருந்தது. அந்த பாக்டீரியா உள்ளே இருந்தால் டெங்கு வைரஸ் அந்தக் கொசுவுக்குள் சரியாகப் பெருக முடிவதில்லை.

வோல்பாக்கியாவை மனிதர் முதன்முதலில் பார்த்தது 1924-இல். அது இந்த வாளிக்குள் வந்து சேர 93 ஆண்டுகள் ஆயின. அதில் பெரும்பகுதிக் காலம் இந்த பாக்டீரியாவோடு வேலை செய்தவர்களுக்கு டெங்கு என்ற நோய் நினைவில்கூட இல்லை. ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கும் மேசையில் "இதனால் எந்த நோய் தீரும்?" என்று எடுத்த எடுப்பில் கேட்பவர்கள் இந்தக் கதையை முழுதாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

முதலில் டெங்கு ஏன் இப்படிப் படுத்துகிறது என்று பார்ப்போம். டெங்கு என்று நாம் ஒரே பெயரில் சொன்னாலும் அது நான்கு வகை வைரஸ்கள். ஒரு வகை வந்து குணமானவருக்கு அந்த வகையிடமிருந்து நீண்ட காலப் பாதுகாப்பு கிடைக்கும். மற்ற மூன்றிடமிருந்து கிடைக்காது. அதைவிடக் கொடுமை, முதல் முறை உருவான எதிர்ப்புப் புரதங்கள் இரண்டாம் முறை வேறு வகை வைரஸ் வரும்போது அதை அழிக்காமல், செல்லுக்குள் நுழைய வழிவிடவும் கூடும். இரத்தக் கசிவும் அதிர்ச்சி நிலையும் இரண்டாம் முறையில் அதிகம் வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். தடுப்பூசி செய்வது இவ்வளவு சிக்கலானதற்கும் இதுவே காரணம். நேராக வைரஸைக் கொல்லும் மருந்தும் இன்றுவரை வழக்கத்துக்கு வரவில்லை. காய்ச்சலுக்கு பாராசிட்டமால், உடம்பில் நீர்ச்சத்து குறையாமல் பார்த்துக்கொள்வது, தட்டணுக்களின் எண்ணிக்கையைக் கவலையோடு தினமும் கேட்பது என்றுதான் வார்டில் நாட்கள் போகின்றன.

கொசுவும் லேசுப்பட்டதல்ல. சாக்கடையை நாடாது, நல்ல தண்ணீர் வேண்டும். பகலில் கடிக்கும், அதனால் இரவு வலை பயன்படாது. ஒருவரிடம் வயிறாரக் குடிக்காமல் இவரிடம் கொஞ்சம் அவரிடம் கொஞ்சம் என்று வீடு முழுக்கக் கடிக்கும். கொட்டாங்குச்சியில் தேங்கிய இரண்டு மடக்குத் தண்ணீர் போதும், குடும்பம் நடத்திவிடும். தண்ணீர் வற்றினாலும் முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, அடுத்த மழையில் பொரியும். மாநகராட்சி வண்டி தெருவில் அடித்துப்போகும் புகை, கட்டிலுக்கு அடியிலும் துணி மாட்டியிருக்கும் கொடிக்குப் பின்னாலும் ஒளிந்திருக்கும் கொசுவை எட்டுவதே அரிது. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் ஆண்டுக்கு 10 கோடி முதல் 40 கோடி பேரை இந்த வைரஸ் தொற்றுகிறது.

இனி பாஸ்டன். 1920-களில் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் பர்ட் வோல்பாக் என்ற நோயியல் அறிஞர் இருந்தார். டைபஸ் போன்ற உண்ணி, பேன் வழிக் காய்ச்சல்களை ஆராய்ந்தவர். அந்த வகைக் கிருமிகள் பூச்சிகளின் செல்லுக்குள்தான் வாழும். நோய் தராத சாதாரணப் பூச்சிகளிலும் அப்படி ஏதாவது இருக்குமா என்று அவரும் மார்ஷல் ஹெர்டிக் என்ற பூச்சியியலாளரும் தேடினார்கள். கிடைத்த பூச்சிகளையெல்லாம் வெட்டிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்ததில், வீட்டுக் கொசுவான க்யூலெக்ஸின் சினைப்பையில் ஒரு நுண்ணுயிரி தென்பட்டது. 1924-இல் அதைப் பதிவு செய்தார்கள். நோய் எதையும் அது தருவதாகத் தெரியவில்லை. 1936-இல் ஹெர்டிக் விரிவாக எழுதி, தன் சகாவின் பெயரால் வோல்பாக்கியா பிப்பியென்டிஸ் என்று பெயரிட்டார். பிறகு அதைப் பற்றிக் கவலைப்பட ஆளில்லை.

இதற்குத் தொடர்பே இல்லாமல், 1950-களில் ஜெர்மனியில் ஹான்ஸ் லாவன் வெவ்வேறு ஊர்களின் க்யூலெக்ஸ் கொசுக்களை ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். விந்தையான ஒன்றைக் கண்டார். சில ஊர் ஆணும் சில ஊர்ப் பெண்ணும் சேர்ந்தால் முட்டை பொரிவதே இல்லை. அதே ஊர்களின் ஆண் பெண்ணை மாற்றிச் சேர்த்தால் பொரிகிறது. இந்தக் குணம் குரோமோசோம் வழி வரவில்லை, தாயின் முட்டைக்குள் இருக்கும் ஏதோ ஒன்றின் வழி வருகிறது என்பதுவரை அவர் கண்டுபிடித்தார். அந்த ஏதோ ஒன்று என்னவென்று அவருக்குத் தெரியாது. தெரியாமலே அதைப் பயன்படுத்தவும் செய்தார். பர்மாவில் ரங்கூனுக்கு அருகே ஓக்போ என்ற சிற்றூரில், அவ்வூர்ப் பெண் கொசுக்களோடு ஒத்துப்போகாத ஆண் கொசுக்களைத் தொடர்ந்து விட்டார்கள். யானைக்கால் நோயைப் பரப்பும் க்யூலெக்ஸ்தான் இலக்கு. மூன்று மாத அளவில் அவ்வூரில் கிடைத்த கொசு முட்டைகள் பொரியாத முட்டைகளாகவே இருந்தன. 1967-இல் அந்த முடிவு வெளிவந்தது.

விடை 1971-இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் கிடைத்தது. ஜேனிஸ் யென், ரால்ஃப் பார் இருவரும் கொசுக்களுக்கு டெட்ராசைக்ளின் கொடுத்து வோல்பாக்கியாவை ஒழித்துப் பார்த்தார்கள். பாக்டீரியா போனதும் பொரிவதும் பொரியாததுமான கணக்கே மாறிப்போனது. லாவன் பார்த்த மலட்டுத்தன்மைக்குக் காரணம் ஹெர்டிக் பார்த்த நுண்ணுயிரியே என்று ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்துத்தான் தெரிந்தது.

இங்கே கொஞ்சம் நின்று இந்த ஏற்பாட்டைப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் பின்னால் வருவதெல்லாம் இதில்தான் நிற்கிறது. வோல்பாக்கியா தாயின் முட்டை வழியாக மட்டுமே அடுத்த தலைமுறைக்குப் போகும். விந்தணுவில் அதற்கு இடமில்லை. ஆகவே ஆண் கொசுவுக்குள் இருக்கும் வோல்பாக்கியாவுக்கு வாரிசு கிடையாது. ஆனால் அது அந்த ஆணின் விந்தணுவில் ஒரு மாற்றத்தைச் செய்துவிடுகிறது. அந்த விந்து வோல்பாக்கியா இல்லாத பெண்ணின் முட்டையில் சேர்ந்தால், முதல் செல் பிரிவிலேயே தந்தையின் குரோமோசோம்கள் பின்தங்கிவிடுகின்றன. கரு அழிகிறது. அதே விந்து வோல்பாக்கியா உள்ள முட்டையில் சேர்ந்தால், முட்டையில் இருக்கும் பாக்டீரியா அந்த மாற்றத்தைச் சரிசெய்துவிடுகிறது. கரு பிழைக்கிறது. இதை நடத்தும் மரபணுக்களை 2017-இல் யேல், வாண்டர்பில்ட் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் தனித்தனியே அடையாளம் காட்டினார்கள்.

விளைவைக் கவனியுங்கள். வோல்பாக்கியா உள்ள பெண் கொசு எந்த ஆணோடு சேர்ந்தாலும் குஞ்சு பொரிக்கும், குஞ்சுகள் எல்லாவற்றிலும் வோல்பாக்கியா இருக்கும். இல்லாத பெண்ணுக்கோ, ஊரில் வோல்பாக்கியா உள்ள ஆண்கள் பெருகப் பெருகச் சந்ததி குறைந்துகொண்டே போகும். ஓர் ஊரில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் வோல்பாக்கியா கொசுக்கள் சேர்ந்துவிட்டால், பிறகு யாரும் தள்ளிவிட வேண்டியதில்லை, தலைமுறைக்குத் தலைமுறை அதுவே பரவும். இது கணக்கில் மட்டும் உள்ள சங்கதியல்ல. 1980-களில் கலிபோர்னியாவின் பழ ஈக்களில் வோல்பாக்கியா தெற்கிலிருந்து வடக்கே ஆண்டுக்குச் சுமார் 100 கிலோமீட்டர் வேகத்தில் பரவியதை மைக்கேல் டுரெல்லியும் ஏரி ஹாஃப்மனும் பின்தொடர்ந்து அளந்தார்கள். அழுகிய பழங்களுக்கு நடுவே ஈ பிடித்து நடந்த பரிணாமவியல் வேலை அது. பின்னாளில் எந்த ஊரில் எத்தனை கொசு விட வேண்டும் என்று கணக்குப் போட அந்தச் சமன்பாடுகளே உதவின. ஹாஃப்மன் கொசுத் திட்டத்திலும் சேர்ந்துகொண்டார்.

இவ்வளவு பரவலாக இருக்கும் வோல்பாக்கியா (நிலவாழ் பூச்சி, சிலந்தி இனங்களில் ஐந்தில் இரண்டு பங்கில் இருக்கலாம் என்பது ஒரு மதிப்பீடு) ஏடிஸ் எஜிப்தியில் இயற்கையில் இல்லை. அதன் நெருங்கிய உறவான ஆசியப் புலிக்கொசுவில் உண்டு, க்யூலெக்ஸில் உண்டு, வண்ணத்துப்பூச்சிகளில் உண்டு. டெங்குவின் முதன்மை வாகனத்தில் இல்லை. அந்தக் காலியிடத்தை நிரப்பலாமே என்று நினைத்தவர்களில் ஒருவர் ஆஸ்திரேலியாவின் ஸ்காட் ஓநீல்.

அவர் தொடக்கத்தில் நம்பிய வழி வேறு. கொசு டெங்கு நோயாளியைக் கடித்த உடனே நோய் பரப்பாது. வைரஸ் கொசுவின் குடலில் பெருகி, உடலெங்கும் பரவி, உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்து சேரச் சுமார் 8 முதல் 12 நாள் பிடிக்கும். அவ்வளவு நாள் பிழைத்திருக்கும் கிழட்டுக் கொசுதான் ஆபத்து. கொசுவின் ஆயுளைக் குறைத்தாலே போதும், கொல்லக்கூட வேண்டாம். அதற்கேற்ற ஒரு வோல்பாக்கியா ஏற்கெனவே கைவசம் இருந்தது. 1997-இல் கால்டெக்கில் சீமோர் பென்சரின் ஆய்வகத்தில் மூளை சிதையும் பழ ஈக்களைத் தேடியபோது, சில ஈக்கள் சீக்கிரமே செத்தன. காரணம் மரபணுக் கோளாறு அல்ல, கட்டுக்கடங்காமல் பெருகும் ஒரு வோல்பாக்கியா வகை. ஈயின் செல்களைச் சோளப்பொரி போல உப்பவைத்ததால் அதற்கு பாப்கார்ன் என்றே பெயர் வைத்தார்கள்.

ஈயில் வாழ்ந்த பாக்டீரியாவைக் கொசுவுக்குள் குடியேற்றுவது எளிதாக இல்லை. ஏடிஸ் கொசு முட்டையிடும்போது முட்டை வெள்ளையாக, மெத்தென்று இருக்கும். சில மணி நேரத்தில் கறுத்து இறுகிவிடும். அதற்குள், ஒரு மில்லிமீட்டர் நீளம்கூட இல்லாத அந்த முட்டைகளை வரிசையாக ஒட்டி, சற்றே உலரவைத்து, எண்ணெயால் மூடி, நுண்ணோக்கியின் கீழ் மயிரிழையிலும் மெல்லிய கண்ணாடி ஊசியால் ஒவ்வொன்றாகக் குத்த வேண்டும். குத்த வேண்டிய இடமும் ஒன்றுதான், பின்முனை. வருங்காலச் சினைப்பைக்கான செல்கள் அங்கேதான் உருவாகும், பாக்டீரியா அங்கே சேர்ந்தால்தான் அடுத்த தலைமுறைக்குப் போகும். அதிகம் உலர்ந்தால் முட்டை சுருங்கிச் சாகும், உலரவில்லையென்றால் ஊசி நுழைந்ததும் பிதுங்கிச் சாகும். குத்தியதில் சிலவே பிழைக்கும், பிழைத்ததில் சிலவற்றிலேயே பாக்டீரியா தங்கும், தங்கியதும் இரண்டு மூன்று தலைமுறையில் காணாமல் போகும். இது சரிப்படாது என்று, பாக்டீரியாவை முதலில் கொசு செல் வளர்ப்பில் ஆண்டுக்கணக்கில் வளர்த்து, கொசுவுக்குப் பழக்கினார்கள். அதன் பிறகு குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி மாணவர் கானர் மெக்மெனிமன் ஆயிரக்கணக்கான முட்டைகளை ஊசியால் குத்தி, நிலைத்து நின்ற ஒரு வம்சத்தை உண்டாக்கினார். புலிக்கொசுவின் வோல்பாக்கியாவை 2005-லேயே கெண்டக்கிப் பல்கலைக்கழகத்தினர் ஏடிஸ் எஜிப்திக்குள் செலுத்தியிருந்தார்கள். பாப்கார்ன் வகை சேர்ந்தது 2009-இல் அறிவிக்கப்பட்டது. கொசுவின் ஆயுள் பாதியானது.

எதிர்பாராத திருப்பம் அதற்குப் பிறகு வந்தது. 2008-இல் இரண்டு குழுக்கள் பழ ஈயை வைத்து ஒரு செய்தியைச் சொல்லியிருந்தன. வோல்பாக்கியா உள்ள ஈக்கள் சில வைரஸ்களைத் தாங்கிப் பிழைக்கின்றன. அப்படியென்றால் கொசுவில்? ஓநீலின் குழுவில் பணியாற்றிய பிரேசில்காரர் லூசியானோ மொரேரா வோல்பாக்கியா கொசுக்களுக்கு டெங்கு கலந்த இரத்தத்தைக் கொடுத்துப் பார்த்தார். வைரஸ் பெருகவே சிரமப்பட்டது. சிக்குன்குன்யாவுக்கும் அதே கதி. ஆயுளைக் குறைப்பதற்காகக் கொண்டுவந்த பாக்டீரியா நோயையே மறித்தது. எப்படி மறிக்கிறது என்பது இன்னும் முழுதாகத் தீராத கேள்வி. கொசுவின் நோயெதிர்ப்பைத் தூண்டுவது, வைரஸுக்குத் தேவையான கொழுப்புப் பொருள்களை முந்திக்கொண்டு எடுத்துக்கொள்வது என்று பல விளக்கங்களுக்கு ஆதாரம் உண்டு.

பாப்கார்ன் வகை களத்தில் நிற்கவில்லை. கொசுவை அது அவ்வளவு பலவீனப்படுத்தியது. அதனால் சாதுவான இன்னொரு பழ ஈ வகையான டபிள்யூமெல்லுக்கு மாறினார்கள். 2011 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் கெய்ன்ஸ் நகரை ஒட்டிய யார்க்கீஸ் நாப், கார்டன்வேல் என்ற இரண்டு ஊர்களில் சுமார் 3 லட்சம் கொசுக்களைப் பல வாரங்களில் விட்டார்கள். சில மாதங்களில் அங்கே பிடித்த ஏடிஸ் கொசுக்களில் பெரும்பான்மை வோல்பாக்கியா கொண்டவையாக இருந்தன. விடுவதற்கு முன் அக்கம்பக்கத்தாரிடம் பேசுவதற்கு நீண்ட காலம் செலவிட்டார்கள். கொசு கடித்தால் பாக்டீரியா எங்களுக்குள் வருமா என்பதுதான் எல்லோரும் கேட்ட கேள்வி. அது நியாயமான கேள்வி. ஆய்வகத்தில் கொசு வளர்க்கத் தங்கள் கையையே கூண்டுக்குள் நீட்டி இரத்தம் கொடுத்துவந்த தன்னார்வலர்களின் இரத்தத்தைச் சோதித்தார்கள். வோல்பாக்கியாவுக்கு எதிரான புரதங்கள் எவையும் இல்லை. கொசுவின் உமிழ்நீர்க் குழாய் வழியே வெளிவர அந்த பாக்டீரியாவின் உருவமும் பெரிது. பின்னர் வட குயின்ஸ்லாந்தில் திட்டம் விரிந்தபோது, உள்ளூரில் பரவும் டெங்கு 96 சதவீதம் குறைந்ததாகக் கணக்கிட்டார்கள்.

ஆனால் முன்பு இவ்வளவு, பின்பு இவ்வளவு என்ற கணக்கை மருத்துவ உலகம் முழுதாக நம்பாது, நம்பவும் கூடாது. டெங்கு ஓர் ஆண்டு கொந்தளிக்கும், அடுத்த ஆண்டு தானாகவே அடங்கும். அடங்கிய ஆண்டுக்குப் பெயர் வாங்கிக்கொள்ள எந்த மருந்துக்கும் எளிது. நிலவேம்பு விநியோகித்த ஆண்டில் டெங்கு குறைந்தது என்று சொல்வதில் உள்ள அதே ஓட்டை இதிலும் உண்டு. யோக்யகர்த்தாவில் ஆதி உத்தாரினி என்ற பொது சுகாதாரப் பேராசிரியரின் தலைமையில் நடந்த ஆய்வு அந்த ஓட்டையை அடைத்தது. அதனால்தான் அதை இந்தத் துறையின் மிகச் சிறந்த வேலையாக நான் கருதுகிறேன்.

நகரின் 26 சதுர கிலோமீட்டரை 24 பகுதிகளாகப் பிரித்தார்கள். 12 பகுதிகளில் வாளி வைப்பது, 12-இல் வைக்காமல் வழக்கமான கொசு ஒழிப்பை மட்டும் தொடர்வது. எந்தப் பகுதிக்கு எது என்பதை ஆய்வாளர் விருப்பம் தீர்மானிக்கவில்லை, குலுக்கல் தீர்மானித்தது. 2018 ஜனவரியிலிருந்து ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குக் காய்ச்சலோடு வந்த 3 முதல் 45 வயது வரையானவர்களின் இரத்தத்தைச் சோதித்து, டெங்கு யாருக்கு, வேறு காய்ச்சல் யாருக்கு என்று பிரித்தார்கள். டெங்கு வந்தவர் எந்தப் பகுதியில் குடியிருக்கிறார், வேறு காய்ச்சல்காரர் எந்தப் பகுதியில் என்று ஒப்பிட்டால், வோல்பாக்கியா காத்ததா இல்லையா என்பது வெளிப்பட்டுவிடும். கொரோனா வந்ததால் 2020 மார்ச்சில் ஆள் சேர்ப்பை நிறுத்த நேர்ந்தது.

2021 ஜூனில் முடிவு வெளியானது. வோல்பாக்கியா பகுதிகளிலிருந்து வந்த 2,905 பேரில் டெங்கு உறுதியானது 67 பேருக்கு. மற்றப் பகுதிகளின் 3,401 பேரில் 318 பேருக்கு. பாதுகாப்பு 77 சதவீதம். மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய டெங்குவில் 86 சதவீதம். நான்கு வகை வைரஸ்களிலும் பலன் தெரிந்தது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பகுதிகளுக்கு இடையே வேலி கிடையாது. கொசு எல்லை தாண்டும், மனிதர்களும் வேலைக்கும் பள்ளிக்கும் எல்லை தாண்டுவார்கள். அந்தக் கலப்பு பலனைக் குறைத்துக் காட்டுமே தவிரக் கூட்டிக் காட்டாது. ஆய்வு முடிந்ததும் வாளி வைக்காத பகுதிகளுக்கும் கொசு முட்டை போய்ச் சேர்ந்தது.

சிங்கப்பூர் வேறு வழியில் போகிறது. அங்கே தேசியச் சுற்றுப்புற வாரியம் 2016 முதல் வோல்பாக்கியா உள்ள ஆண் கொசுக்களை மட்டும் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் விடுகிறது. ஆண் கொசு கடிக்காது. ஊர்ப் பெண் கொசுவின் முட்டை பொரியாது. லாவன் ஓக்போவில் செய்த அதே உத்தி. நிறுத்தினால் கொசு திரும்ப வரும், ஆகவே நிறுத்தாமல் விட வேண்டும். பணமும் ஒழுங்கும் உள்ள சிறிய நாட்டுக்குக் கட்டுப்படியாகும்.

இதே பாக்டீரியாவுக்கு நம் பக்கத்தில் இன்னொரு பழைய தொடர்பு உண்டு, அதிகம் பேர் அறியாதது. யானைக்கால் நோயை உண்டாக்கும் புழுவின் உடலுக்குள்ளும் வோல்பாக்கியா இருக்கிறது. காவிரிக் கழிமுகத்திலும் புதுச்சேரியிலும் தலைமுறை தலைமுறையாகக் கால் வீங்கி நடந்தவர்களின் நிணநீர்க் குழாய்களில் இருந்த புழு அது. பூச்சிகளில் அழையாத விருந்தாளியாக நடந்துகொள்ளும் பாக்டீரியா, இந்தப் புழுக்களில் பிரிக்க முடியாத கூட்டாளி. அது இல்லாவிட்டால் பெண் புழுவால் குஞ்சு ஈன முடியாது, காலப்போக்கில் பிழைக்கவும் முடியாது. ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தில் அக்கிம் ஹோராஃப், லிவர்பூலில் மார்க் டெய்லர் ஆகியோரின் குழுக்கள் டாக்சிசைக்ளின் என்ற சாதாரண மாத்திரையைச் சில வாரங்கள் தொடர்ந்து கொடுத்து, புழுவை நேராகத் தாக்காமல் அதன் பாக்டீரியாவை ஒழித்து, புழுவை மலடாக்கிச் சாகவைக்கலாம் என்று காட்டின. சிறு குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அந்த மாத்திரை ஆகாது, வாரக்கணக்கில் விழுங்கவும் வேண்டும். அதனால் ஊருக்கே கொடுக்கும் மருந்தாக அது மாறவில்லை. குறுகிய நாளில் வேலை செய்யும் மாற்று மருந்துக்கான தேடல் அதிலிருந்து தொடங்கியது.

கொசுவுக்குத் திரும்புவோம். எல்லா ஊரும் யோக்யகர்த்தா ஆகிவிடவில்லை. பிரேசிலில் நித்தெரோய் நகரில் டெங்கு 69 சதவீதம் குறைந்தது. விரிகுடாவுக்கு அக்கரையில் உள்ள ரியோ டி ஜெனீரோவில் 38 சதவீதமே. பெரிய நகரத்தின் மேடுபள்ளங்களில் வோல்பாக்கியா எல்லா இடத்திலும் சமமாக வேர்விடவில்லை. வெப்பம் இன்னொரு தடை. மெல்பர்ன் பல்கலைக்கழகத்தினர் 2017-இல் காட்டியது இது: லார்வா வளரும் தண்ணீர் பகலில் 37 டிகிரி வரை சூடேறி இறங்கினால் டபிள்யூமெல் வகை பெருமளவு அழிந்துபோகிறது. புலிக்கொசுவிலிருந்து எடுத்த டபிள்யூ-ஆல்ப்-பி வகை அந்தச் சூட்டை நன்றாகவே தாங்குகிறது. மலேசியாவில் கோலாலம்பூரைச் சுற்றி இந்த வகையை விட்டுப் பார்த்ததில் டெங்கு சுமார் 40 சதவீதம் குறைந்தது.

வேலூரில் அக்னி நட்சத்திரத்தின்போது மொட்டை மாடி பிளாஸ்டிக் தொட்டித் தண்ணீரில் கை வைத்தவர்களுக்கு இந்த 37 டிகிரி எவ்வளவு சாதாரணம் என்று தெரியும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் புதுச்சேரியில் இயங்கும் நோய்க்கடத்திகள் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம், ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்திடமிருந்து கொசு முட்டைகளைப் பெற்று, தலைமுறை தலைமுறையாகப் புதுச்சேரிக் கொசுவோடு சேர்த்து, வகைக்கு ஒன்றாக, இந்த இரண்டு வோல்பாக்கியா வகைகளுக்கும் இரண்டு உள்ளூர் வம்சங்களை உருவாக்கியது. 2022-இல் அதை அறிவித்தார்கள். டபிள்யூமெல் மட்டும் போதாது, சூடு தாங்கும் வகையும் கையில் இருக்க வேண்டும் என்று இரண்டையும் செய்துவைத்தது நல்ல முடிவு. கூண்டைத் திறப்பதற்கோ பல துறைகளின் அனுமதி வேண்டும்.

அந்த அனுமதியில் காட்டும் எச்சரிக்கைக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. 1970-களின் தொடக்கத்தில் உலக சுகாதார நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து, அமெரிக்கப் பணத்தில், டெல்லியில் கொசு மரபியல் கட்டுப்பாட்டு ஆய்வு ஒன்றை நடத்தின. ஓக்போவின் உத்தியை டெல்லியைச் சுற்றிய கிராமங்களில் க்யூலெக்ஸ் மீது சோதித்தார்கள், அடுத்து ஏடிஸுக்குப் போகத் திட்டமிட்டார்கள். மஞ்சள் காய்ச்சலே இல்லாத நாட்டில் மஞ்சள் காய்ச்சல் கொசுவை அமெரிக்கா ஏன் ஆராய்கிறது, இது உயிரி ஆயுதத்துக்கான வேவா என்று பத்திரிகைகள் கேட்டன. நாடாளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு கடுமையாகச் சாடியது. 1975-இல் ஆய்வையே மூடினார்கள். அதே 1975-இல்தான் புதுச்சேரி மையம் தொடங்கியது. உயிரி ஆயுதக் குற்றச்சாட்டு மெய்ப்பிக்கப்படவில்லை. ஆனால் கேட்டவர்களுக்கு உரிய நேரத்தில் உரிய விடை கிடைக்கவில்லை, அந்தக் கோபத்தில் நல்ல அறிவியலும் சேர்ந்து போனது. 2023-இல் பாலித் தீவிலும் ஏறக்குறைய இப்படித்தான். பக்கத்து ஜாவாவில் 77 சதவீதம் என்று மெய்ப்பித்த அதே கொசுவை விடவிருந்த நேரத்தில் எதிர்ப்புக் கிளம்பி, தள்ளிவைக்க வேண்டியதாயிற்று.

ஆகவே இங்கே கூண்டைத் திறக்கும் நாள் வருமுன் செய்ய வேண்டியவை எனக்குத் தெளிவாகவே தெரிகின்றன. எந்த வகையை விடுகிறோம், கோடை முழுக்க அது நம் தொட்டிகளில் எத்தனை சதவீதம் நிலைத்தது என்ற அளவுகள் பொதுவில் கிடைக்க வேண்டும். வார்டுகளைக் குலுக்கலில் பிரித்து, யோக்யகர்த்தாவைப் போல நடத்த வேண்டும். கிராமசபையிலும் குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டத்திலும் பூச்சியியலாளர் நேரில் உட்கார்ந்து, தமிழில், கேட்கும் கேள்விக்கெல்லாம் விடை சொல்ல வேண்டும். முதல் சில வாரங்கள் வீட்டில் கொசு கூடும், கடியும் கூடும் என்பதை மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வேண்டாம் என்று ஒரு தெரு முடிவெடுத்தால் அதைக் குறித்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போக வேண்டும்.